பஸ்ஸில் கேட்ட முதல் அழுகை

போன வாரம் ஆம்பூரிலிருந்து வேலூருக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். மாதனூரில் ஒரு பெண் ஓடிவந்து ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்தார். கழுத்தில் ஷூ கம்பெனி ஐடி கார்டு. உட்கார்ந்ததும் போனை என்னிடம் நீட்டினார்.

"கொஞ்சம் புடிச்சுக்கிறீங்களா அக்கா? எனக்கு ரெண்டு கையும் வேணும்."

வீடியோ காலில் வேர்த்துக் கொட்டும் ஒரு முகம். பெயர் சுமதி. இவருடைய அக்கா. வேலூர் ஆஸ்பத்திரியில் பிரசவ வலி.

"அவளுக்குப் பொறந்ததுலேர்ந்து காது கேக்காது, பேச்சும் வராது. மாமாவும் அப்டித்தான். நர்ஸம்மா சொல்றது ஒண்ணும் புரியாம பயந்துட்டா. எங்க வீட்ல சைகை நல்லா தெரிஞ்சது நான்தான்" என்றார் தங்கை கவிதா.

அங்கே இன்னொரு நர்ஸ் போனைப் பிடித்திருந்தார். பிரசவம் பார்க்கும் நர்ஸின் குரல் கேட்கும்... கவிதாவின் கைகள் பேசும்... சுமதி தலையாட்டுவார்.

பள்ளிகொண்டா தாண்டியதும் படம் உறைந்தது. "ஐயோ, சிக்னல் போச்சு!" என்று கத்தினார் கவிதா.

"இன்னாம்மா ஆச்சு?" என்று வந்த கண்டக்டர், விஷயம் தெரிந்ததும் பஸ்ஸை மெதுவாக விடச் சொன்னார். படம் திரும்ப வந்த இடத்தில் விசில். ஓரங்கட்டினார் டிரைவர். "நேரமாச்சு" என்று ஒருவரும் முனகவில்லை!

இணையம் மனிதர்களைச் சேர்க்கிறதா, பிரிக்கிறதா? ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். பிரிக்கிறது என்பவர்கள் நான் ஏறும்போது அந்த பஸ்ஸைப் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள் — ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு ஹெட்ஃபோன். இப்போதோ அத்தனை பேர் காதும் என் கையிலிருந்த ஒரே போன் மேல்.

"முக்கச் சொல்லும்மா... ஆங், இன்னும் கொஞ்சம்!"

கவிதா கைகளால் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு, கூடவே தானும் முக்கினார்.

பிறகு, ஸ்பீக்கரைக் கிழித்துக்கொண்டு ஒரு அழுகை. "பொம்பளப் புள்ள!" என்றார் நர்ஸ்.

பஸ்ஸே கை தட்டியது. சுமதி மட்டும் சிரிக்கவில்லை. பதறிப்போய் விரல்களை அசைத்து எதையோ கேட்டார்.

கவிதா எங்களைத் திரும்பிப் பார்த்தார். கண்ணெல்லாம் தண்ணீர். "குழந்தை அழுவுதான்னு கேக்குறா... நீங்களே சொல்லுங்க."

போனைப் பயணிகள் பக்கம் திருப்பினேன். கண்டக்டர் உட்பட எல்லோரும் ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினோம்.

அதற்குப் பிறகுதான் சுமதி சிரித்தார்.