சுவரில் தம்பி பெயர்

அன்றைக்கு ஹாலில் இருந்தவர்களை இப்போதும் வரிசையாகச் சொல்வேன். சொல்லிக்கொடுக்க பெங்களூரிலிருந்து வந்த ஒரு மேடம். அவரோடு வந்த, கண்ணாடி போட்ட ஒருவர். கற்றுக்கொள்ள வந்தவர்கள் பதினோரு பேர், அதில் நான்கு பேர் பெண்கள். என் தம்பியின் கூட்டாளி. ஹால் சாவி வைத்திருக்கும் பெரியவர். அவர் கதவைத் திறந்து ஃபேன் சுவிட்சைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார், இருந்தாலும் சேர்த்துக்கொள்கிறேன். சாயங்காலம் வந்த கடைக்காரர். கடைசியாக நான். ஆக பதினேழு. எங்கே போனாலும் தலையை எண்ணும் பழக்கம் எனக்கு இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் வந்திருந்தது. தம்பி அந்தப் பதினேழில் இல்லை. ஆனால் முதலில் வேலையை முடித்தது அவன்தான் என்று சுவரில் வந்தது.

அது அவன் ஏற்பாடு செய்த நாள். கம்ப்யூட்டர் ப்ரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ஒரு நாள் இலவசப் பயிற்சி. தங்கம் எடுத்த மைன்ஸ் மூடின பிறகு எங்கள் ஊரில் வேலைக்குப் போவது என்றால் விடியற்காலை பெங்களூர் ட்ரெயின் ஏறுவது என்று அர்த்தம். அவனும் அப்படித்தான் ஒரு சின்ன கம்பெனிக்குப் போய்வந்தான். "புதுசா ஒண்ணு கத்துக்கணும்னா ஞாயித்துக்கெழமையும் ட்ரெயின் ஏறணுமாக்கா? அவங்க ஒரு நாளு இங்க வரட்டுமே, எங்க ஊரு தூசிய தின்னட்டும்" என்பான். பெங்களூரில் இப்படி இலவசமாகச் சொல்லிக்கொடுக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறதாம். அவர்களுக்கு எழுதினான். சரி என்றார்கள். எங்கள் ஊரிலேயே பாலகாட்டில் ஹால் பேசினான். ஆடியில் ஒரு ஞாயிறு என்று முடிவானது. வைகாசியில் அவன் செத்துப்போனான்.

விடியற்காலை ட்ரெயினில் எல்லோரும் தூங்குவார்கள். தினமும் அதே ஆட்கள், அதே இடம். அவனுக்கு ஜன்னலோரம். கூட்டாளி பக்கத்தில். அன்றைக்கும் ஜன்னலில் சாய்ந்து, மடியில் லேப்டாப் பையை அணைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். பெங்களூரில் வண்டி நின்று எல்லோரும் இறங்கும்போது, "டேய், எழுந்துக்கடா" என்று கூட்டாளி தோளைத் தட்டியிருக்கிறான். மாரடைப்பு. ரொம்ப நேரம் ஆகிவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். எந்த ஸ்டேஷனில் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அதுதான் மண்டையைக் குடைந்தது. மாலூரா, ஒயிட்ஃபீல்டா? தையல் மெஷினில் உட்கார்ந்தால் ஒவ்வொரு ஸ்டேஷனாக வந்து நிற்கும்.

வீட்டில் அவனும் நானும்தான். நான் எட்டாவதோடு நின்றவள், பிளவுஸ் தைக்கிறேன். அந்த லேப்டாப் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கடையில் தவணைக்கு வாங்கியது. ஜாமீன் கையெழுத்து என்னுடையது. கடைக்காரர் நல்ல மனுஷர், காரியம் முடியும் வரை வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒருநாள் வந்து வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்: "பொருள குடுத்துடும்மா. கணக்க முடிச்சிக்கலாம். நீ எங்கேந்து கட்டுவ?"

நியாயமான பேச்சு. கட்ட என்னிடம் பணம் இல்லை. கொடுக்க மனசும் இல்லை. அதைத் திறக்கக்கூட எனக்குத் தெரியாது. சார்ஜ் போடாமல் விட்டால் கெட்டுப்போகும் என்று அவன் எப்போதோ சொன்னதை வைத்துக்கொண்டு தினமும் சார்ஜ் போட்டேன். ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளை வெளிச்சம் வரும். அது வந்துவிட்டால் கொஞ்சம் மூச்சு விடுவேன். கடைக்காரரிடம் ஒரே ஒரு தவணை கேட்டேன்: அவன் ஏற்பாடு செய்த வகுப்பில் அது ஒரு நாள் வேலை செய்யட்டும், அன்றைக்குச் சாயங்காலமே எடுத்துக்கொள்ளுங்கள். "சரிம்மா, கிளாசு முடியிற நேரத்துக்கு வந்துடறேன்" என்றார்.

ஆடிக் காற்று. காலையிலேயே மைன்ஸ் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து மாவு மாதிரி தூசி பறந்து வந்து மேஜை நாற்காலியெல்லாம் படிந்தது. நான் ஈரத்துணியோடு துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைத்த இடத்திலேயே மறுபடியும் படிந்தது. "உட்காருங்கக்கா, லேப்டாப்புங்கள குளிப்பாட்டி விட்டுடுவீங்க போல கீதே" என்றான் கூட்டாளி.

பத்துப் பேர் சொந்த லேப்டாப் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு பெண் மட்டும் வெறும் நோட்டோடு வந்தாள். டிப்ளமா முடித்து ஒரு வருஷமாக வேலை தேடுகிறாளாம். வீட்டிலிருந்த ஒரு லேப்டாப்பையும் அண்ணன் அடகு வைத்துவிட்டான் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். தம்பியுடையதை அவள் முன்னால் வைத்தேன். கூட்டாளிக்கு பாஸ்வேர்டு தெரிந்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் அடித்துக் கொடுத்தான்.

பல பேர் சேர்ந்து ஒரே ப்ரோகிராமை எழுதுவது எப்படி என்பதுதான் பாடம். ஆளுக்கு ஒரு துண்டு எழுதி, இன்டர்நெட்டில் ஒரு பொது இடத்துக்கு அனுப்ப வேண்டும். யார் எதை எப்போது அனுப்பினார்கள் என்று அங்கே வரிசையாக வரும். ப்ரொஜெக்டர் வைத்து அந்த வரிசையைச் சுவரில் காட்டினார்கள். விடியற்காலை ட்ரெயின் எவ்வளவு லேட் என்று சொல்லும் ஒரு சின்ன ப்ரோகிராமைத்தான் எல்லோரும் எழுதினார்கள். அதையும் தம்பிதான் முன்பே யோசித்து வைத்திருந்தானாம்.

பதினொன்றரை இருக்கும். சுவரில் முதல் வரி வந்தது. இங்கிலீஷை நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் அந்தப் பெயரைக் கூட்டிப் படிக்க வேண்டியிருக்கவில்லை. இனிஷியலோடு தம்பியின் பெயர். பக்கத்தில், இரண்டு நிமிடத்துக்கு முன்னால் என்று போட்டிருந்தது. கையிலிருந்த ஈரத்துணியைக் கீழே போட்டதுகூட எனக்குத் தெரியவில்லை.

அந்த மேடம் தம்பியோடு பேசினவர் இல்லை. அவன் எழுதியது அந்தக் கூட்டத்தில் வேறு யாருக்கோ. மேடம் சுவரில் வந்த பெயரைச் சத்தமாகப் படித்தார். "சூப்பர்! ஃபர்ஸ்ட் முடிச்சிருக்காங்க. யாரு இவ்ரு? கை தூக்குங்க" என்றார்.

யாரும் தூக்கவில்லை. மேடம் இன்னொரு முறை கூப்பிட்டார். இரண்டு மாதமாக அந்தப் பெயரை யாரும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பதில் வரும் என்பது போல.

அந்தப் பெண் பாதி கை தூக்கினாள். "மேம், அனுப்புனது நான்தான். ஆனா பேரு என்து இல்ல."

"அப்போ யார்து?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கூட்டாளி எழுந்து வெளியே போய்விட்டான்.

"என் தம்பி பேரு மேடம்" என்றேன். "செத்து ரெண்டு மாசம் ஆவுது. அது அவன் லேப்டாப்பு."

மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணாடிக்காரர்தான் மெதுவாக விளக்கினார். இந்த லேப்டாப்பில் யார் வேலை செய்தாலும் அவன் பெயரைத்தான் போடும்; அவன் ஒருமுறை பதிந்து வைத்தது; மாற்றுவது ஒரு நிமிட வேலை. எனக்குப் புரிந்தது. புரிந்ததால் ஒன்றும் குறையவில்லை. அந்தப் பெண் எழுதி அனுப்பியது என்ன தெரியுமா? ஸ்டேஷன் பெயர்கள். எங்கள் ஊரிலிருந்து பெங்களூர் வரை, ஒன்று விடாமல்.

"ஆன்ட்டி, மாத்திடட்டுமா?" என்று கேட்டாள்.

மாற்றினால் அவன் போய்விடுவான். மாற்றாவிட்டால், உயிரோடிருக்கும் ஒரு பெண், கல்யாணம் ஆகாதவள், செத்தவன் பெயரில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? அவள் அம்மா வந்து என் வாசலில் நிற்பதுவரை எனக்கு அந்த ஒரு நொடியில் வந்துபோனது. "இரும்மா, கேட்டுட்டு வரேன்" என்று வெளியே போனேன்.

கூட்டாளி குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

"மாத்திடட்டுமான்னு கேக்குதுப்பா அந்தப் பொண்ணு."

"இன்னிக்கு ஒரு நாளு கெடக்கட்டும்க்கா. அவன் வெச்ச கிளாசு."

"அதுக்கு எதுனா ஆயிடுச்சின்னா?"

"இன்னா ஆவும்? மிஞ்சிப்போனா அவன மாதிரி நல்லா ப்ரோகிராம் எழுதும். சம்பளந்தான் அவன மாதிரி கம்மியா வரும்." சிரித்தான். பிறகு குழாயை மூடாமலே நின்றான். "பங்காருப்பேட்டை ஸ்டேஷன்ல தண்ணி பாட்டில வாங்கிக் குடிச்சான்க்கா. எங்கிட்ட திருப்பிக் குடுத்தான். அதுவரைக்கும் தெரியும். அப்புறம் நானும் தூங்கிட்டேன்."

இதை அவன் என்னிடம் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. குழாயை மூடிவிட்டு உள்ளே வந்தேன். பங்காருப்பேட்டை வரை இருந்திருக்கிறான். மிச்ச ஸ்டேஷன்கள் சுவரில் இருந்தன.

அந்தப் பெண் வேலையை நிறுத்தவில்லை. மத்தியானத்துக்குள் அவன் பெயர் இன்னும் இரண்டு முறை வந்தது.

சாப்பாட்டுக்கு நான் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும் செய்து கொண்டுவந்திருந்தேன். சாப்பிட்டதும் ஒரு பையன் மேஜையில் தலையை வைத்துப் படுத்துவிட்டான். எனக்குத் தாங்கவில்லை. பாத்திரம் கழுவப் போனவள் திரும்பி வந்து அவன் முதுகைப் பார்த்தேன். ஏறி இறங்குகிற மாதிரி இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். அவன் துள்ளி எழுந்தான்.

"இன்னா ஆன்ட்டி? கிளாசு ஸ்டார்ட் ஆயிடுச்சா?"

"இல்லப்பா. மோர் வேணுமான்னு கேட்டேன்."

"மோருக்காவா இப்டி நெஞ்சு அடைக்கிற மாதிரி எழுப்புவீங்க?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கூட்டாளி மட்டும் சிரிக்கவில்லை.

நாலரை மணிக்குக் கடைக்காரரின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஒரு காலிப் பையோடு வந்தார். முன்னால் வராமல் கடைசி நாற்காலியில், என் பக்கத்தில் உட்கார்ந்தார். "முடியட்டும்மா, அவசரமில்ல" என்று காதோடு சொன்னார். மேடம் அப்போது அன்றைய வேலை முழுவதையும் சுவரில் மேலிருந்து கீழே ஓட்டிக்காட்டிக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தவர், சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டார். மாதாமாதம் தவணை நோட்டில் இங்கிலீஷில் அந்தப் பெயரை எழுதினவர் அவர்.

"யார் பேரும்மா அது?"

"தம்பி பேருதாண்ணா."

"இன்னிக்கி தேதி போட்டுக்கீது?"

"ஆமாண்ணா."

"மூணு எடத்துல போட்டுக்கீது?"

"காலையிலேர்ந்து வந்துகினு கீதுண்ணா" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். கூட்டாளி வந்து, கண்ணாடிக்காரர் எனக்குச் சொன்னதையெல்லாம் அவருக்குச் சொன்னான். கடைக்காரர் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினார். "புரியுது தம்பி, புரியுது. மெஷினுன்னா அப்டித்தான். நானும் பி.காம். படிச்சவன்தான்."

"பத்து நிமிஷம் குடுங்கண்ணா, எல்லாத்தையும் தொடச்சி புதுசு மாதிரி குடுத்துடறேன்."

"எத தொடப்ப?" என்றார் அவர். கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "வேணாம்மா. ஆடி மாசம் வேற. கடையில ரெண்டு பொம்பளப் புள்ளைங்க வேல செய்யுது. இத கொண்டுபோய் கண்ணாடி பீரோவுல வெச்சிட்டு நான் ராத்திரி எப்டி ஷட்டர் எறக்குவேன்? நாளைக்கி வாங்குறவன் பேரையும் இதே மாதிரி மாத்திப் போட்டுச்சின்னா?"

"அப்டில்லாம் போடாதுண்ணா" என்றான் கூட்டாளி.

"போடாது. தெரியும். எனக்கு வேணாம், அவ்ளோதான்." காலிப் பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். "பொருளு உங்கிட்டயே இருக்கட்டும்மா. பணமா குடுத்துடு. ஒரேயடியா வேணாம், முடிஞ்சத குடு. ஆனா குடுத்துடு."

ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்துபோகும் வரை நின்றேன். அது என்னுடையது என்று ஆனதும் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது வேறு. அவர் பயந்த பொருளோடு இனி நான் தனியாக ஒரே அறையில் படுக்க வேண்டும்.

உள்ளே எல்லோரும் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் லேப்டாப்பை மூடப்போனாள். "இரும்மா" என்றேன். "இப்ப மாத்திடு. உம் பேர போட்டுட்டு ஒரே ஒரு தடவ அனுப்பு. நான் பாக்கணும்." கூட்டாளி என்னைப் பார்த்தான். அவள் ஏதோ அடித்தாள். அவ்வளவுதான், கண்ணாடிக்காரர் சொன்னது போல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சுவரில் அவள் பெயர் வந்தது. அதற்குக் கீழே, தள்ளிப்போய், தம்பியின் மூன்று வரிகள். அவற்றை அழிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாரும் அழிக்கவும் இல்லை.

அந்தப் பெண் நன்றாக இருக்கிறாள். வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக்கு வந்து அந்த லேப்டாப்பில் வேலை செய்கிறாள். தும்மினால்கூட நான் தலையைத் திருப்பிப் பார்க்கிறேன். அவள் போனதும் சார்ஜ் போடுகிறேன். வெளிச்சம் வருகிறது. அது யாருடைய வெளிச்சம் என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

பெயர் மாறிவிட்டது கடைக்காரருக்குத் தெரியாது. தெரிந்தால் பயம் தெளிந்து பையோடு வந்துவிடுவாரோ என்று ஒவ்வொரு மாதமும் அவர் கேட்பதற்கு முன்பே நானே ஆயிரம் ரூபாயோடு கடைக்குப் போய்விடுகிறேன். "அது எப்டிம்மா கீது?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார். "அப்டியேதான் கீதுண்ணா" என்பேன். மேற்கொண்டு கேட்கமாட்டார். தவணை நோட்டைப் பிரித்து, தம்பியின் பெயருக்கு எதிரே வரவு வைப்பார். போன மாதம் கட்டியது போக, பாக்கி பதினோராயிரத்து இருநூற்றைம்பது ரூபாய்.