கல்லிடைக்குறிச்சி வரைக்கும் ஓடும் இன்வெர்ட்டர்

இன்வெர்ட்டர் விற்பவனுக்குக் கரண்டைப் பற்றித் தெரிந்தால் போதும் என்று நம்பித்தான் நானும் இந்தத் தொழிலுக்கு வந்தேன். பதினெட்டு வருஷமாக மலையாளம் பேசும் ஊரில், பழவங்காடியில் கடை. வீட்டு இன்வெர்ட்டர் மட்டும் விற்றவரை பிழைப்பு சுமாராகப் போயிற்று. கரண்டு போனால் ஃபேன் ஓடுமா என்பதுதான் கேள்வி, ஓடும் என்பதுதான் பதில். பழைய டூரிஸ்ட் வேனை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் கக்கூஸும் வைத்து, அதைக் கேரவன் என்று சொல்லிக்கொள்ளும் பழக்கம் இந்த ஊருக்கு வந்தது. அதோடு நிம்மதி போயிற்று. ஒருவர் திரைச்சீலையின் நிறத்துக்குப் பொருத்தமாக இன்வெர்ட்டர் கேட்டார். இன்னொருவர் முகப்பில் நீல விளக்கு எரிவதைத்தான் வாங்குவேன் என்று அடம்பிடித்து வாங்கிப் போனார். அந்த விளக்கு நன்றாகவே எரிந்தது, வேறு எதுவும் ஓடவில்லை.

கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைப்பவர்களுக்கு நான் இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. உங்களிடமும் இப்படி ஒரு மூட்டை இருக்கும். நான் ஒரே ஒரு வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பதினோரு இனங்கள்

ஸ்ரீவராகத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆடிட்டர் ஒருவர் வந்தார். அவர் மனைவிக்கு நுரையீரல் கெட்டு மூன்று வருஷம். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின் ஒன்று கட்டிலோரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதன் குழாய் மூக்கில் இருக்க வேண்டும். அந்த மாமியின் ஒரே தங்கை கல்லிடைக்குறிச்சியில் இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாக இருக்கிறாள். அக்காவால் போக முடியாது, தங்கையால் வர முடியாது. மூன்று வருஷமாகப் போனில்தான் முகம் பார்த்துக்கொள்கிறார்கள். சிலிண்டரை மட்டும் நம்பி ஐந்து மணி நேரம் காரில் போக வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், மெஷினோடு படுத்தபடியே போகட்டும் என்று ஆடிட்டர் ஒரு கேரவன் வாங்கியிருந்தார். இதுவரை கேட்டபோது அவர்மேல் எனக்கு மரியாதைதான் இருந்தது.

வண்டியில் என்னென்ன ஓட வேண்டும் என்று எழுதித் தாருங்கள் என்றேன். மறுநாள் டைப் அடித்த தாள் வந்தது. ஏசி, டிவி, இண்டக்ஷன் அடுப்பு, மிக்ஸி, காபி மெஷின், இஸ்திரிப் பெட்டி என்று பதினோரு இனங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே வாட்ஸ், அடியில் கூட்டுத்தொகை, அதற்கும் அடியில் கையெழுத்து. கொசு மட்டைக்குக்கூட மூன்று வாட்ஸ் போட்டிருந்தார். மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தேன். ஆக்சிஜன் மெஷினைக் காணோம். கேட்டேன். கேட்டதற்கே அவர் முகம் சுருங்கிவிட்டது.

“அது மருந்து மாதிரின்னா? அதை எதுக்குக் கரண்டு லிஸ்டுல கொண்டுவரணும்?”

மஸ்கட் அளவு

ஆடிட்டரின் தம்பி மஸ்கட்டில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே என்ன வேலை பார்த்தார் என்பது எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. அங்கே எல்லாமே பெரிது என்பது மட்டும் முதல் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. இன்வெர்ட்டரின் சக்தியைக் கேவிஏ கணக்கில் சொல்வோம். ஐந்து கேவிஏவுக்குக் குறைந்து எதையும் பார்க்க மாட்டேன் என்றார். தர்ப்பூசணி வாங்குகிறவர்போல ஒவ்வொரு பெட்டியாகத் தட்டிப் பார்த்தார்.

இன்வெர்ட்டர் பேட்டரியில் இருப்பதை மாற்றித் தருகிறதே தவிர, தானாக எதையும் உண்டாக்குவதில்லை என்று நான் சொன்னேன். பெரிய இன்வெர்ட்டர் சும்மா நிற்கும்போதும் பேட்டரியைத் தின்னும். மாமியின் மெஷினுக்கு முந்நூற்றைம்பது வாட்ஸ், ஸ்டார்ட் ஆகும்போது அதைவிடக் கூட. வீட்டுக் கரண்டைப்போலவே சீரான சைன் வேவ் தரும் ஒரு கேவிஏ தாராளம். ஏசியை மறந்துவிடுங்கள், மிச்சத்தைப் பேட்டரியில் போடுங்கள் என்றேன். அண்ணன் தம்பியைப் பார்த்தார், தம்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தேன், பிறகு ஐந்து கேவிஏவை விற்றேன். எங்கள் தொழில் இந்த வரிசையில்தான் நடக்கிறது. பில் போடும்போது தம்பி தன் முடிவுக்குக் காரணம் சொன்னார்.

“அத்தனை பெரிய வண்டியில இத்துனூண்டு பெட்டியை வெச்சா, திறந்து பார்க்கறவா சிரிக்க மாட்டாளா?”

கட்டிலுக்கு அடியில்

வண்டிக்கு உள்வேலை கழக்கூட்டத்தில் ஒரு பட்டறையில் நடந்தது. பட்டறைக்காரர் பிஜு சேட்டன் மரவேலையில் கெட்டிக்காரர். அவர் செய்த அலமாரிக் கதவு சத்தமில்லாமல் மூடும். கரண்டு என்பது மரவேலைக்கு இடைஞ்சலாக வருகிற ஒன்று என்பது அவர் கொள்கை. டிவிக்கு நல்ல இடம், காபி மெஷினுக்கு நல்ல இடம், பேட்டரிக்கு மாமியின் கட்டிலுக்கு அடியில் இடம் என்று ஒதுக்கியிருந்தார். பேட்டரியும் அவரே பார்த்து வைத்திருந்தார், தண்ணீர் ஊற்றுகிற பழைய ஆசிட் வகை.

ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது வாயு வரும். அது தீப்பிடிக்கிற வாயு. மூடிய வண்டியில் அதற்கு மேலே ஒரு பெண் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருக்கப் போகிறாள். இதை அவரிடம் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். வாயு வராத லித்தியம் பேட்டரி வையுங்கள், இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்றும் சொன்னேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் பின்வாங்கவில்லை, கடைசியில் லித்தியம்தான் வந்தது. ஆனால் அதற்கு முன் பிஜு சேட்டன் தாடையைச் சொறிந்துகொண்டு உண்மையாகவே யோசித்து, தன்னால் ஆன வழி ஒன்றை மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

“அண்ணாச்சி டென்ஷன் ஆகண்டா. காலையிலயும் வைகிட்டும் ரெண்டு சாம்பிராணி கொளுத்தி வச்சா மதி, ஒரு வாடையும் வராது.”

ஜன்னல் வழியாக ஒரு வயர்

உறவுக்காரர் வீட்டில் தங்குகிற தொந்தரவு வேண்டாம் என்றுதான் கேரவன் வாங்குகிறார்கள். வாங்கியபின் உறவுக்காரர் வீட்டு வாசலில்தான் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். ஜன்னல் கம்பி வழியாக ஒரு வயர் உள்ளே போகும். போன் சார்ஜ் ஆகிற ஐந்து ஆம்பியர் பிளக்கில் அதை மாட்டுவார்கள். நம் பக்கத்தில் கேரவன் பயணம் என்பது இதுதான். ஆகவே சார்ஜர் அந்தப் பிளக்குக்கு அடங்கியதாக இருக்க வேண்டும். இழுக்கிற கரண்டைக் குறைத்துவைக்க வழியுள்ள சார்ஜரைக் காட்டினேன். ஆடிட்டர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. கடையில் இருப்பதிலேயே வேகமான சார்ஜர் எது என்று கேட்டு அதை எடுத்துக்கொண்டார்.

இந்த வேலையாக இரண்டு மாசமாக நான் அவர் வீட்டு முன்னறைக்கும் போய்வந்துகொண்டிருந்தேன். ஸ்ரீவராகத்தில் அந்த வீட்டு வாசலிலேயே மாட்டிப் பார்த்தோம். மூன்று நிமிஷத்தில் ஃபியூஸ் போயிற்று. ஃபேன், ஃபிரிட்ஜ், கிரைண்டர் எல்லாம் நின்றன. உள்ளறையில் மாமியின் மெஷினும் நின்று, விட்டுவிட்டுக் கத்தத் தொடங்கியது. மாமி தானே எழுந்து சிலிண்டருக்கு மாறிக்கொண்டார். ஆடிட்டர், தம்பி, பிஜு சேட்டன், நான் என்று ஆண்கள் நாலு பேரும் ஃபியூஸ் போர்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். அண்டை வீட்டுக்காரர் வந்து, ஐந்து ஆம்பியர் பிளக்கில் இத்தனை இழுத்தால் இப்படித்தான் ஆகும் என்று, நான் சொன்னதையே சொன்னார். கல்லிடைக்குறிச்சியிலும் இதே பிளக்தானே என்றேன். ஆடிட்டருக்கு அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை.

“சாரமில்லை. நாங்க போறதுக்குள்ள அவா ஆத்து வயரிங்கை மாத்தி வெக்கச் சொல்லிடறேன்.”

இரண்டு மணி பத்து நிமிஷம்

அடுத்த வாரம் மாமி வண்டியில் ஏறி உட்கார்ந்தார். ஏறுவதற்கு மூன்று படிகள், படிக்கு ஒரு தரம் நின்றார். எல்லாவற்றையும் ஓட விடுங்கள், பார்க்கலாம் என்றார். எஞ்சினையும் ஓட விட்டோம். வண்டி போகும்போது எஞ்சினிலிருந்தும் கொஞ்சம் சார்ஜ் ஏறும், அதுவும் கணக்கில் இருக்கட்டும் என்று. ஏசி ஓடியது. டிவியில் யாரோ வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார்கள். தம்பி காபி மெஷினில் காபி போட்டு எல்லோருக்கும் கொடுத்தார். புகை வீட்டுக்குள் வருகிறது என்று எதிர்வீட்டிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்தது. மாமி காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் ஆரம்பித்த நேரத்தைக் குறித்துவைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

இரண்டு மணி பத்து நிமிஷத்தில் இன்வெர்ட்டர் கூவிவிட்டு நின்றது. பக்கத்தில் சிலிண்டர் தயாராக இருந்ததால் மாமிக்கு ஒன்றும் ஆகவில்லை. பேட்டரி மோசம் என்றார் ஆடிட்டர். கம்பெனியே மோசம் என்றார் தம்பி. வயர் தடிமன் போதாது என்றார் பிஜு சேட்டன். இது இவ்வளவுதான் ஓடும் என்று முதல் நாளே கணக்குப் போட்டு வைத்திருந்த நான் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் பேசி ஓயும்வரை மாமி காத்திருந்தார். பிறகு வாக்கியத்துக்கு ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு சொன்னார்.

“இதுல பாதி வழி, நாகர்கோவில் வரைக்கும் போகலாம். அங்கே எனக்கு யாரும் இல்லை.”

மூன்று கேள்விகள்

மறுநாள் காலை மாமியே கடைக்குப் போன் செய்தார். மெஷினோடு வந்த புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார். மூன்று கேள்விகள் கேட்டார். எதுவும் ஓடாதபோது இன்வெர்ட்டர் தனக்கென்று எவ்வளவு எடுத்துக்கொள்ளும்? மெஷின் ஸ்டார்ட் ஆகிற நிமிஷத்தில் எவ்வளவு இழுக்கும்? வெளிப் பிளக்கைப் பிடுங்கிப் பேட்டரிக்கு மாறும்போது மெஷின் ஒரு இமைப்பொழுதாவது நிற்குமா? முதல் இரண்டை எப்போதாவது யாராவது கேட்பார்கள். மூன்றாவதை இந்தப் பதினெட்டு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. நிற்காத வகை உண்டு என்றேன், ஒரு கேவிஏ போதும் என்றேன். கரண்டைக் குறைத்து இழுக்கிற சார்ஜரும், எஞ்சினிலிருந்து ஏற்றுகிற சார்ஜரும் சேர்த்துச் சொன்னேன். ஏசியைக் கழற்றிவிடச் சொன்னார்.

இரண்டே நாளில் எல்லாம் மாற்றி, மெஷினை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தோம். எஞ்சினைத் தொடாமலே ஆறு மணி நேரம் ஓடியது. மாமி அதையும் காலண்டர் தாளில் குறித்துக்கொண்டார். நான் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு, ஐந்து கேவிஏ ஊர்போய்ச் சேராது என்பது விற்கும்போதே உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். சாரிடம் சொன்னேன், அவர் கேட்கவில்லை என்று சேர்த்துக்கொண்டேன்.

“என்கிட்ட ஏன் சொல்லலை? ரெண்டு மாசமா அடுத்த ரூம்லதானே இருந்தேன்?”

ஆற்றங்கரை ஊரிலிருந்து ஒரு போன்

கல்லிடைக்குறிச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு நாள் தங்குவதாகத் திட்டம். ஐந்தாம் நாள் ஆடிட்டர் கூப்பிட்டார், குரலைத் தாழ்த்திக்கொண்டு. வண்டிக்குள் ஏசி இல்லை, மச்சினி வீட்டில் ஏசி என்ற பேச்சே இல்லை, காபி தண்ணீராக இருக்கிறது, அக்காவும் தங்கையும் காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கும்வரை பேச்சு நிற்பதில்லை. எனக்கு ஓர் உதவி செய்யுங்கள் என்றார். வெளியூரில் ஒரு வாரத்துக்கு மேல் வைத்தால் இன்வெர்ட்டர் கெட்டுவிடும், உடனே கடைக்குக் கொண்டுவர வேண்டும் என்று மாமியிடம் சொல்ல வேண்டுமாம். நான் யோசிப்பதற்குள் போனை ஸ்பீக்கரில் போட்டு, அண்ணாச்சி ஏதோ சொல்லணுமாம், கேளு என்று கொடுத்துவிட்டார்.

பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. ஒருத்தி மூச்சுக்காக நிறுத்தினாள், மற்றவள் அவசரப்படாமல் காத்திருந்தாள். இந்தத் தடவை நான் மாமியிடமே சொன்னேன். பிளக் மாட்டியிருக்கிறவரை எத்தனை நாளானாலும் ஓடும், மாசக்கணக்கானாலும் சரி, ஒன்றும் ஆகாது. பிறகு மாமியின் குரல் வந்தது.

“தெரியும். வண்டியும் நானும் இங்கேதான் இருக்கப் போறோம். இவர் சாயங்காலப் பஸ்ஸுல வரார்.”

இன்வெர்ட்டரை வாங்குகிறவரும் அதை நம்பி மூச்சுவிடுகிறவரும் ஒரே ஆளாக ஒருநாள் கடைப்படி ஏறுவார் என்று இன்னும் காத்திருக்கிறேன். அப்படி ஒருவர் ஏறினாலும், அவருக்கும் ஐந்து கேவிஏவை விற்றுவிடக்கூடியவன்தான் நான்.