மலைக்குயிலின் இரண்டு கதவுகள்

மரச் சுத்தியல் தகரத்தின்மீது விழும் ஓசையைத் தூரத்திலிருந்து கேட்டால், யாரோ அவசரமில்லாமல் படியேறி வருவது போலிருக்கும். கண்டிக்குப் பக்கத்தில், கடுகண்ணாவையில் ரயில் பாதைக்குக் கீழே நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், காலை எட்டு மணிமுதல் மாலை ஐந்து மணிவரை அந்த ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. அது நின்றுபோனதற்குக் காரணம் நான் என்பது அம்மாவுக்கு மட்டும் தெரியும். அப்பாவுக்குத் தெரிந்திருந்ததா என்பதை நான் கேட்கவில்லை. ஒருவரைப் பழிவாங்குவதும் அவர் பறித்துக்கொண்டதை மீட்டெடுப்பதும் ஒரே செயல்தானா, அல்லது முதலாவதைச் செய்து முடித்தவருக்கு இரண்டாவது கைகூடாமலே போய்விடுமா என்ற கேள்வி, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான் பட்டம் பெற்றபின் எழுந்ததன்று. பதினொரு வயதில், எண்ணெய் தேய்த்த தலையோடு வெந்நீர் அடுப்பின் முன் குந்தியிருந்தபோது எழுந்தது.

வெளிநாட்டுக் கார்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலம் அது. இருக்கிற கார்களையே தையல் போட்டு ஓட்டிக்கொண்டிருந்த வைத்தியர்களும் தலைமை ஆசிரியர்களும் கடை முதலாளிகளும், புதிதாக ஒன்று கிடைக்குமானால் அது எந்த உருவத்தில் இருந்தாலும் வாங்கத் தயாராக இருந்தார்கள். கண்டியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த என் தாய்மாமன் இதை மற்றவர்களுக்கு முன்பே உணர்ந்துகொண்டார். நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் தகர வேலை செய்துகொண்டிருந்த தம் தங்கை புருஷனை, அதாவது என் அப்பாவை, கடுகண்ணாவைக்கு அழைத்துவந்து ஒரு கொட்டகையையும் பழைய ஸ்கூட்டர் எஞ்சின் ஒன்றையும் கொடுத்தார். ஐந்து மாதம் கழித்து அந்தக் கொட்டகையிலிருந்து 'மலைக்குயில்' வெளியே வந்தது.

முன்னால் இரண்டு சில்லு, பின்னால் ஒன்று. எஞ்சின் பின்னால், பெற்றோல் தாங்கி முன்னால். மழை துடைக்கும் தடியை உள்ளிருந்து ஒரு கயிற்றால் இழுக்க வேண்டும். பின்னோக்கிப் போகும் வசதி கிடையாது. திருப்ப வேண்டுமானால் இரண்டு பேர் இறங்கி வாலைத் தூக்கித் திருப்பி வைப்பார்கள். கோயில் குருக்கள் வாங்கிய காரைப் பக்தர்கள் அப்படித் தூக்கித் திருப்பியபோது, தேர் திருப்பும் பக்தி அவர்கள் முகத்தில் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். கடுகண்ணாவைக் கணவாய் ஏற்றத்தில் மலைக்குயில் இரண்டு முறையாவது நின்று இளைப்பாறும். அதைக் கடக்கும் பஸ்ஸிலிருந்து நடத்துநர் தலையை நீட்டி, "என்ன ஐயா, குயிலுக்குத் தொண்டை கட்டிருச்சா?" என்பார். தெருவில் அதற்குப் பெயர் 'தகரக் குயில்'. சிரித்தவர்களே மறுநாள் மாமாவின் கடையில் பெயர் பதிந்து காத்திருந்தார்கள். மூன்றாம் ஆண்டில் கொட்டகையில் பதினேழு பேர் வேலை செய்தார்கள்.

அத்தனை கார்களுக்கும் வரைபடம் என்று ஒன்று இருந்ததில்லை. இருந்தது கித்துல் என்ற கூந்தற்பனை மரத்தில் செதுக்கிய ஒரு கம்பு. என் தோளுயரம், நான்கு பட்டை, ஒரு முனையில் பித்தளைப் பூண். ஒரு பட்டையில் கூரைக்கான வெட்டுக்குறிகள், ஒன்றில் முன்மூடிக்கானவை, மற்ற இரண்டிலும் கதவுகளுக்கானவை. வலக்கதவுக்கு ஒரு பட்டை, இடக்கதவுக்கு ஒரு பட்டை. பெற்றோல் குழாய் இடப்பக்க அடிவழியாகப் பின்னால் போனதால், இடக்கதவு வலக்கதவைவிட ஒரு பெருவிரல் அகலம் குறுகலாக இருக்க வேண்டும். கண்ணுக்கு அது தெரியாது. அப்பாவின் பெருவிரலுக்குத் தெரியும்; அவர் வெட்டுக்குறிகளைப் பார்ப்பதில்லை, தடவித்தான் படிப்பார். தகரம் வெட்டுகிறவர் கம்பை வைத்து வெட்டுவார். அதற்குமேல் எவரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆயுத பூசையன்று கொட்டகையில் ஒரு முறை இருந்தது. எல்லா ஆயுதங்களுக்கும் முன்னதாகக் கம்புக்குச் சந்தனம் வைத்துத் தட்டில் கிடத்துவார்கள். பூசை முடிந்ததும் முதல் வெற்றிலை கம்பு பிடிக்கிறவருக்கு, அதன்பிறகுதான் முதலாளிக்கு. அன்றிரவு கம்பு சாமி முன்னாலேயே இருக்கும். விசயதசமி காலையில் அப்பா அதை எடுத்துக் கொடுத்தால்தான் வேலை தொடங்கும். இந்த முறையை ஏற்படுத்தியவர் மாமாவே. "முதல் குயிலப் பெத்த கம்பு அது" என்பார், எல்லார் காதிலும் விழும்படியாக.

மூன்றாம் ஆண்டுப் பூசைக்குக் கொழும்பிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். கூடவே பத்திரிகைப் புகைப்படக்காரரும் வந்தார். அன்று தட்டில் கம்பு இல்லை. சட்டமிட்ட ஒரு வரைபடம் இருந்தது. கொழும்பில் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்த மாமாவின் மகன் ரவீந்திரன், ஓடிக்கொண்டிருந்த காரைப் பார்த்து விடுமுறையில் வரைந்த படம் அது. மாமா அப்பாவை ஓரமாக அழைத்து, நானும் அம்மாவும் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே சொன்னார்:

"மாப்ள, நீங்க கொஞ்சம் பின் கொட்டகையில நில்லுங்க. பேப்பர்காரங்க பேரு கேப்பாங்க, ஊரு கேப்பாங்க, கடைசியில பிரஜாவுரிமையும் கேப்பாங்க. உங்களுக்கு இன்னும் வரல்ல. நாடற்ற ஆளு செஞ்ச காருன்னு எழுதிட்டா நம்ம அனுமதி போயிரும். எல்லாம் நம்ம நன்மைக்குத்தான்."

"சரி மச்சான்" என்றார் அப்பா.

இந்த இடத்தில் நிதானமாக எழுத வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மாமா சொன்னதில் ஒரு பகுதி உண்மை. பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்குப் பதில் வராமல் இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழிவந்த எங்கள் மக்களில் எத்தனையோ பேர் அப்போது காத்திருந்தார்கள். அச்சம் நிறைந்த மனிதர்களிடம் அச்சத்தைக் காட்டியே எதையும் வாங்கிவிடலாம். மாமாவும் அதே மக்களிலிருந்து வந்தவர். அவருக்குத் தாள் முன்பே கிடைத்துவிட்டது என்பதுதான் வேறுபாடு. பதில் வராத தாளைத் தம் தங்கையின் கணவருக்கு எதிராகப் பயன்படுத்த அவர் துணிந்ததை, அரசாங்கம் செய்த பிழையைவிடப் பெரிய பிழையாக நான் இன்றும் கருதுகிறேன்.

பின் கொட்டகைத் தகரச் சுவரில் ஆணி போயிருந்த துளைகள் உண்டு. அப்பாவைத் தேடி நான் அங்கே போனபோது, அவர் ஒரு துளையில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் ரவீந்திரனின் கையில் மாமா முதல் வெற்றிலையைக் கொடுக்க, எல்லாரும் கைதட்டினார்கள். பின்னால் அப்பாவும் கைதட்டினார். அந்தக் கைதட்டலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மன்னிப்பைப் பற்றி நான் சமய பாடத்தில் படித்திருந்தேன், பரீட்சையில் எழுதி நல்ல புள்ளியும் வாங்கியிருந்தேன். அது எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

சாமி முன்னால் இடமில்லாத கம்பை அப்பா அன்று வீட்டுக்கு எடுத்துவந்து கதவு மூலையில் சாத்திவைத்தார். மறுநாள் விசயதசமி, கோயிலுக்குப் போகுமுன் எல்லாரும் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும். வெந்நீர் அடுப்பை மூட்டுவது என் வேலை. கித்துல் மெதுவாகத்தான் பற்றும், பற்றிவிட்டால் விடாது. முழுக் கம்பும் அடுப்புக்குள் போகவில்லை. எரிய எரிய உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன். கூரை போயிற்று, முன்மூடி போயிற்று, கதவுகள் போயின. இனி மாமாவுக்கு ஒரு கார்கூட இல்லை என்று நினைத்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இத்தனை ஆண்டுக்குப் பின்னும் வெட்கப்படாமல் நினைவுகூர முடிகிறது. முதலில் அப்பா குளித்தார். "தண்ணி இன்னைக்கு நல்லாச் சுட்டிருக்கு" என்றார்.

குளித்துவிட்டு வந்து கம்பைத் தேடினார். வீடு முழுவதும் தேடினார். பிறகு வெறுங்கையோடு வேலைக்குப் போனார். மாமா, பதினேழு பேருக்கும் முன்னால், "ஒரு வெத்தலைக்காகக் கம்ப ஒளிச்சு வச்சிட்டு வந்து நிக்கிறீங்களா?" என்று கேட்டாராம். அப்பா தம் சுத்தியலை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். அதன்பின் அவர் அந்தக் கொட்டகை வாசலை மிதிக்கவில்லை. நான் எரித்ததற்கு அவர் திருடராகிவிட்டார் என்பது எனக்கு விளங்கியது. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அன்று பிற்பகல் பாத்திரம் துலக்கச் சாம்பல் அள்ளிய அம்மாவின் கையில் பித்தளைப் பூண் அகப்பட்டது. அம்மா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அதைப் புளி போட்டுத் தேய்த்து, முந்தானையில் முடிந்துகொண்டார். கொட்டகையின் முதலாளி அவருடைய கூடப்பிறந்த அண்ணன்.

கொட்டகை ரவீந்திரனின் படத்தைப் பார்த்து வேலை செய்யத் தொடங்கியது. வலக்கதவை மட்டும் அளந்து, இரண்டையும் ஒன்றுபோலவே அவன் வரைந்திருந்தான். பற்றவைப்பு வேலை செய்த செல்லையா அண்ணன், "தம்பி, இடப்பக்கம் கொஞ்சம் சின்னதா இருக்கும்னு நெனைக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். "படத்துல அப்பிடி இல்லையே" என்பது கிடைத்த பதில். பழைய குயில் ஒன்றின் இடக்கதவையும் அளந்து பார்க்க அவனுக்கு மனம் வரவில்லை. புதிய குயில்களின் இடக்கதவு மூடவில்லை. அடித்து மூடினால் பெற்றோல் குழாய் நசுங்கியது. ஒரு நாட்டு வைத்தியர் கதவைத் தென்னங்கயிற்றால் கட்டிக்கொண்டு, மழையில் நனைந்தபடி கணவாயில் ஏறியதை ஊரே பார்த்தது. "வைத்தியர் காருக்குக் கட்டுப் போட்டிருக்காரு" என்று சிரித்தார்கள். வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பெயர் பதிந்தவர்கள் பெயரை எடுத்தார்கள்.

நாலு மாதம் கழித்து மாமா எங்கள் வீட்டுக்கு வந்து கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"மாப்ள, நடந்தது நடந்து போச்சு. கம்பு ஒண்ணு மறுபடி வெட்டிக் குடுங்க."

"படம் இருக்குதானே மச்சான்" என்றார் அப்பா.

"படத்துல என்னமோ பிசகு."

"படத்துல எப்பிடிப் பிசகு வரும்? பேப்பர்லயே போட்டிருந்தாங்களே."

மாமா அம்மாவைப் பார்த்தார். "நீயாவது சொல்லு தங்கச்சி."

"தேத்தண்ணி ஆறுது, குடிங்கண்ணே" என்றார் அம்மா.

அந்த நிமிடத்தில் எங்கள் வீட்டில் மூன்று பேர் பழிவாங்கினோம். ஒருவரோடொருவர் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

ஆண்டு திரும்புவதற்குள் கொட்டகை மூடப்பட்டது. சிறிது காலத்தில் இறக்குமதிக்கு வழி திறந்து, ஜப்பானியக் கார்கள் கண்டித் தெருக்களில் நிறைந்தன. ஜப்பான் வந்ததால் மலைக்குயில் செத்தது என்றே இன்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்தப் பெருமையை ஜப்பானுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அதை நான் எடுத்துக்கொள்வதானால், செல்லையா அண்ணன் வேலையிழந்து தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பியதையும், என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த அவர் மகள் பார்வதி கொழுந்துக் கூடையைச் சுமந்ததையும் நானே எடுத்துக்கொள்ள வேண்டும். அவளை நாவலப்பிட்டியில் அவ்வப்போது சந்திக்கிறேன். "அந்தக் குயிலுப் பட்டறை மட்டும் மூடாம இருந்திருந்தா நானும் உன்னய மாதிரி டீச்சராயிருப்பேன்" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள். மாமாவை நோக்கி நான் எறிந்த கல், அவர் தலைக்குப் பின்னால் நின்ற பதினேழு தலைகளையும் கணக்கில் எடுக்கவில்லை. அவளிடம் இதை இன்னும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை முதலில் அவளுக்குத்தான் வாசித்துக்காட்டப் போகிறேன்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கார்களுக்கு உதிரிப்பாகம் விற்கும் கடை இருக்கிறது. அங்கே இருப்பவருக்கு மலைக்குயில் என்ற பெயரே தெரியவில்லை. மாமா காலமாகிவிட்டார். அப்பா, பிரஜாவுரிமைத் தாளைக் கடைசியில் கையில் வாங்கி, நாவலப்பிட்டியில் வாளியும் புனலும் செய்து விற்று, காலமாகிவிட்டார். ரவீந்திரன் வெளிநாட்டில் இருக்கிறான். மலைக்குயில்களில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. கண்டி வாவிக்கு மேலேயுள்ள ஒரு விடுதியின் முற்றத்தில் அது பூஞ்செடிகளுக்கு நடுவே நிற்கிறது. பக்கத்துப் பலகையில், இதை உருவாக்கியவர் ரவீந்திரன் என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. உள்ளே, சட்டமிட்ட அந்தப் படமும் மாட்டியிருந்தது.

விடுதி மனேஜர் ஒரு சிங்கள இளைஞர், மரியாதையானவர். இதைச் செய்தவர் என் அப்பா என்று சொன்னேன். "ஆதாரம் ஏதாவது இருக்கிறதா, டீச்சர்?" என்று கேட்டார். அம்மா விட்டுப்போன பித்தளைப் பூணைக் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குடையின் பூணா என்று கேட்டார்.

அடுத்த வாரம் அளவு நாடாவோடு போனேன். இரண்டு கதவுகளையும் அவரையே அளக்கச் சொன்னேன். பிறகு படத்தில் எழுதியிருந்த அளவைப் பார்க்கச் சொன்னேன். மறுபடியும் முற்றத்துக்குப் போய் அளந்துவிட்டு வந்தார். "இந்தப் படத்தை வரைந்தவர் இந்தக் காரைச் செய்திருக்க முடியாது" என்றார். முப்பது வருடமாக நான் காத்திருந்த வாக்கியம் அது. ஒரு மழை நாளில், வேறொரு மொழியில், எனக்குக் கிடைத்தது. அப்படியானால் அப்பாவின் பெயரை எழுதுங்கள் என்றேன். அவர் தயங்கினார். "இவர் செய்யவில்லை என்பதற்குக் காரே சாட்சி. உங்கள் தந்தை செய்தார் என்பதற்கு என்ன இருக்கிறது?"

இருந்தது. அதில் வெந்நீர் வைத்துக் குளித்துவிட்டோம்.

சென்ற மாதம் போனபோது படத்தைக் கழற்றியிருந்தார்கள். பலகையில் ரவீந்திரனின் பெயர்மீது வெள்ளை மை பூசப்பட்டிருந்தது. அதைப் புகைப்படமெடுத்து அவனுக்கு அனுப்பினேன். அந்த இடத்தில் இப்போது யாருடைய பெயரும் இல்லை.