பேட்ச் நம்பர் எங்கே, சார்?

சென்ற செவ்வாய் மாலை என் மனைவியின் உதடு வீங்கியது. முதுகுவலிக்கு ஒரு மாத்திரை போட்டு அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. கழுத்து, கையெல்லாம் தடிப்பு. நல்லவேளை, ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருமுனையிலேயே ஒரு சின்ன மருத்துவமனை. ஊசி போட்டார்கள். வீக்கம் வடிந்தது. கிளம்பலாம் என்று செருப்பைத் தேடினேன்.

நர்ஸ் ஸ்டெல்லா விடவில்லை. கையில் ஒரு படிவம். மருந்து யாருக்காவது ஒத்துக்கொள்ளாவிட்டால் அரசுக்குத் தெரிவிக்கிற படிவமாம்.

"அந்த மாத்திரை அட்டையைக் காட்டுங்க சார்."

காட்டினேன். நான்கு மாத்திரைக்கு மட்டும் வெட்டிய துண்டு. மருந்தின் பெயர் இருந்தது. எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று சொல்லும் பேட்ச் நம்பர்? அது கடையில் தங்கிவிட்ட மீதி அட்டையில்! டாக்டர் பத்து எழுதினாலும் "நாலு போதும்ப்பா" என்று வெட்டி வாங்குவது நாம்தானே... யாரைக் குறை சொல்ல?

இளம் டாக்டர் எட்டிப் பார்த்தார். "சாதாரண அலர்ஜி சிஸ்டர். மாத்திரையாலதான்னு எப்படிச் சொல்வீங்க? மதியம் இறால் சாப்பிட்டாங்களாமே."

"அதையும் எழுதிட்டேன் டாக்டர். சந்தேகம் இருந்தா அனுப்புன்னுதான் கேக்குறாங்க, நிரூபிக்கச் சொல்லல. இன்னொருத்தருக்கு இதே மாதிரி ஆகக் கூடாதுல்ல? நீங்க பிஸின்னா நானே கையெழுத்துப் போடுறேன். நர்ஸும் அனுப்பலாம்."

டாக்டர் சிரித்துவிட்டார். "சரி, இறாலைக் கொஞ்சம் பெருசா எழுதுங்க."

சந்தேகத்தை நம்பி ஒரு வரி எழுதினாலும் பத்திரிகை ஆசிரியர் அடித்துவிடுகிற தொழில் என்னுடையது. இங்கே சந்தேகம்தான் செய்தி! யோசித்தால், சரிதான். ஸ்டெல்லா பார்த்தது ஒரே ஒரு உதடு. பல ஊர்ப் படிவங்களைச் சேர்த்துப் பார்ப்பவர்களுக்குத்தான் மருந்தா, இறாலா என்பது தெரியவரும். நிச்சயமாகத் தெரிந்தபின் எழுதலாம் என்று எல்லோரும் காத்திருந்தால்?

மாத்திரை வாங்கிய, எதிரே இருந்த மெடிக்கலுக்கே நம்பர் கேட்கப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர் குமாரின் முகம் மாறியது.

"இன்னா சார், கம்ப்ளெய்ன்ட்டா? பேஜாராயிடும் சார்."

ஸ்டெல்லாவை போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"குமார் அண்ணா, உங்க மேல யாரும் கேஸ் போடல. நம்பரை மட்டும் படிங்க. அந்த மாத்திரை வேற யாருக்காவது ஒத்துக்கலையா?"

அவர் மீதி அட்டையை எடுத்து எண்ணை இரண்டு முறை நிதானமாகப் படித்தார். பிறகு குரல் இறங்கியது.

"முந்தாநாள் ஒரு டீச்சரம்மா திருப்பிக் குடுத்தாங்க சிஸ்டர். ஒடம்பெல்லாம் அரிப்புன்னாங்க. வேற கம்பெனி மாத்திரை மாத்திக் குடுத்தேன்."

"கம்பெனி வேற... உள்ள மருந்து?"

குமார் அலமாரியிலிருந்து இன்னொரு அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"அதே மருந்துதான் சிஸ்டர். கம்பெனிதான் சரியில்லன்னு நெனச்சுட்டேன்."

"உடனே அவங்களுக்குப் போன் போடுங்க!"

போட்டார். மூன்றாவது முயற்சியில் எடுத்தார்கள். "அந்த மாத்திரையா தம்பி? ஃப்ரிட்ஜ் மேலதான் கீது. வலி விட்டுப்போச்சு, போடவே இல்ல."

"போடாதீங்கம்மா. அப்படியே எடுத்தாந்து குடுத்துடுங்க."

குமார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அன்றே ஸ்டெல்லா இரண்டு படிவங்களை அனுப்பினார் — இரண்டிலும் பேட்ச் நம்பரோடு.

ஒத்துக்கொள்ளாத மாத்திரையைக் கடையில் மாற்றிக்கொள்ளலாம்... உடம்பை மாற்றித் தர எந்தக் கடையிலும் ஸ்டாக் இல்லை.