பருப்புக்கீரையில் பிறந்த கறுப்பன்

எழுபதுகளின் நடுவில் மரக்காணத்தில் எனக்கு சயன்ஸ் டீச்சர் வேலை கிடைத்தது. உப்பளத்தை ஒட்டிய வாடகை வீட்டில் என்னோடு தங்கியிருந்தவர் எங்கள் பள்ளித் தமிழ் டீச்சர். ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போவார். மற்ற ஆறு நாளும் யாரையாவது சீண்டிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் கிணற்றடிப் பருப்புக்கீரையில் ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி ஒன்று முட்டையிட்டுக்கொண்டிருந்தது. வரப்பில் எருக்கஞ்செடியைச் சுற்றித் தினமும் பார்க்கிற பூச்சிதான்.

"இது எருக்குலதான் முட்டை வெக்கும். பாவம், செடி தெரியாம வந்துடுச்சு" என்றேன், பெரிய மேதை மாதிரி.

புழுக்கள் வந்ததும் கண்ணாடி பாட்டில்களில் பிரித்து விட்டு எருக்கிலை போட்டேன். அவை வாயே வைக்கவில்லை. ஆனால் இரண்டு நாளில் கொழுத்துவிட்டன.

"நான்தாங்க கீரை போட்டேன். பட்டினி கெடந்துச்சுங்க" என்றார் தமிழ் டீச்சர்.

புழுக்கள் கூட்டுப்புழுவாகித் தொங்கின. முதல் கூடு வெடித்த காலையில் அந்த பாட்டிலுக்குள் இருந்தது ஆரஞ்சுப் பூச்சியல்ல. கன்னங்கரேலென்று, வெள்ளைப் பொட்டு வைத்த ஒன்று.

"நீங்கதான மாத்தி வெச்சீங்க?"

"மாதா சத்தியமா இல்லைங்க!"

நான் நம்பவில்லை. இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. சாம்பாரைக்கூட அவரவரே ஊற்றிக்கொண்டோம். மூன்றாம் நாள் என் கண்ணெதிரே இரண்டாவது கூடு வெடித்தது. அதுவும் கறுப்பு. சற்று நேரத்தில் மூன்றாவது. அது ஆரஞ்சு.

அப்போதுதான் கல்லூரியில் தூங்கி வழிந்துகொண்டே கேட்ட பாடம் நினைவுக்கு வந்தது. எருக்குப் பூச்சி கசக்கும், குருவி தொடாது. கீரையில் முட்டையிட்டது வேறு இனம், அதற்குக் கசப்பே கிடையாது. பெண் மட்டும் எருக்குப் பூச்சியின் வேஷம் கட்டிப் பிழைத்துக்கொள்ளும். ஆண் கறுப்புதான்.

சமையற்கட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். தமிழ் டீச்சர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்போ ஆம்பளையோட கதி?"

"அதுக்கு வேஷமே இல்லைங்க."

ஜன்னலைத் திறந்தோம். எதிர்க் கம்பியில் இரட்டைவால் குருவி உட்கார்ந்திருந்தது. ஆரஞ்சு பறந்தபோது தலையைத் திருப்பிப் பார்த்ததோடு சரி. நான் கறுப்பு இருந்த பாட்டிலை எடுத்தேன். டீச்சர் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"அந்தக் குருவி போனாத்தான் இவனுங்கள வுடுவேன். ஸ்கூலுக்கு லேட்டானா ஆவட்டும்."

ஆனது. இருவருமே வாங்கிக் கட்டிக்கொண்டோம்.