சுழலும் விசிறிக்குக் கீழே

ஹெலிகாப்டர் இறங்கும் இடத்தில் ஆட்களைக் கட்டுப்படுத்துகிறவனுக்கு மொத்தம் இரண்டே வசனங்கள்: "குனிஞ்சு வாங்க", "வால் பக்கம் போகாதீங்க". புனேயில் பதினோரு வருடமாக இதையே இந்தியிலும் மராத்தியிலும் கத்திக்கொண்டிருக்கிறேன். கூட்டத்தைப் பார்த்து "தள்ளி நில்லுங்க" என்று தொண்டை கிழியக் கத்தியவரா நீங்கள்? அப்படியென்றால் நீங்களும் என் கட்சி.

வேப்பமரம்

புனேயில் மகர்பட்டா பகுதியைத் தாண்டி ஒரு மைதானத்தில் கல்யாணம். மாப்பிள்ளை ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார். பெண்ணின் மாமா போனில் படமெடுத்தபடியே வால் பக்கம் நடந்தார். வாலில் இருக்கும் சின்ன விசிறி சுழலும்போது கண்ணுக்கே தெரியாது. அதற்குப் பின்னால் இருந்த வேப்பமரம் இலை இலையாகத் தெரிந்தது. ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டி இழுத்தேன். இருவரும் மண்ணில் விழுந்தோம். இன்னும் இரண்டே அடிதான் பாக்கி. எழுந்தவர் மரத்தைக் காட்டிச் சத்தம் போட்டார்: "அங்க ஒண்ணுமே இல்லையேடா!"

துப்பட்டா

புனேயின் கட்கிப் பகுதியைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பெண். உடம்பு மோசமாக இருந்த அவள் கணவரை ஸ்ட்ரெச்சரில் வைத்து ஹெலிகாப்டரில் ஏற்றிக்கொண்டிருந்தோம். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டச் சொல்லியிருந்தேன், கட்டியும் இருந்தாள். அந்தக் காற்றில் முடிச்சு அவிழ்ந்தது. மஞ்சள் துணி நேராக மேலே எழும்பியது. பிடிக்கக் கையை உயர்த்தினாள். நான் அவளைத் தரையோடு அமுக்கினேன். அவள் வாய் அகலத் திறந்திருந்தது, விசிறி இரைச்சலில் சத்தம் எதுவும் காதில் விழவில்லை. மேலே பார்த்தேன். துணி இல்லை. மஞ்சள் நூல்கள் மட்டும் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தன.

விசிறியைச் சோதிக்காமல் கிளம்ப முடியாது என்று பைலட் இன்ஜினை அணைத்துவிட்டார். கணவரை ஆம்புலன்ஸில் சாலை வழியாகவே கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார். அவர் வீடு திரும்பிய அன்று அவள் எனக்குப் போன் செய்தாள். நன்றி சொன்னாள். பிறகு கேட்டாள்: "அண்ணா, அன்னைக்கு நான் கத்துனேனா? எனக்கே கேக்கல."

ஷிண்டேயின் தொப்பி

ஷிண்டே என்னோடு வேலை பார்ப்பவர், என்னைவிட அனுபவசாலி. இன்ஜின் அணைந்து வேகம் குறையும்போதுதான் விசிறியின் இறக்கை தொங்கும். ஒரு காற்றடித்தால் தலை உயரத்துக்கே இறங்கும். அவருக்குத் தெரியாததல்ல. அன்று மதியம் ஒரு பயணியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஏதோ யோசனையில், நிமிர்ந்தபடியே நடந்தார். காற்று ஒரு வீசு வீசியது. அவர் தலையில் தொப்பியைக் காணோம். தூரத்தில் கிடந்தது, உச்சியில் இருந்த பொத்தான் மட்டும் சீவப்பட்டு.

விசிறி முழுதாக நிற்கும்வரை ஷிண்டே அசையவில்லை. பக்கத்தில் போனேன். மிக மெல்லிய குரலில் சொன்னார்: "தலை இருக்கான்னு நீயே பாத்துச் சொல்லு. எனக்குத் தொட்டுப் பாக்க பயமா இருக்கு."

'தலைநிமிர்ந்து வாழணும்' என்று யாராவது வாழ்த்தினால் எல்லோருக்கும் நெஞ்சு விம்மும், எனக்கு மட்டும் தலை தானாகக் குனியும்.