கீழாநெல்லிக்கு ஒரு பத்தியம்

எங்கள் தெரு வெல்டருக்குச் 'சிங்கம்' என்று பட்டப்பெயர். மனைவி முன்னால் மட்டும் பூனை. கல்லீரல் வீங்கியிருக்கிறது, குடியை விடு என்று டாக்டர் சொன்னதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார். கீழாநெல்லிச் சாறு குடித்தால் போதுமாம், பாட்டிலை விட வேண்டாமாம்!

தெருவே 'அக்கா' என்றழைக்கும் அவர் மனைவி, சரியென்று கீழாநெல்லியைப் பறித்து வந்தார். பட்டறை மூடியதும் தினமும் ஒரு டம்ளர் சாற்றை நீட்டினார்.

"இதுக்குப் பத்தியம் இருக்குங்க. விடியற வரைக்கும் ஒரு சொட்டு சாராயம் பட்டாலும் சாறு விஷமாயிடும்."

மழைக்காலம் முடிவதற்குள் கல்லீரல் தேறிவிட்டது.

"எல்லாம் மூலிகை மகிமை!" என்று சிங்கம் மார்தட்ட, தெருப் பெண்களெல்லாம் இலை கேட்டு வந்தார்கள்.

அக்கா கிள்ளிக் கொடுத்தபடியே குரலைத் தாழ்த்தினார்: "இலை கிடைக்கலேன்னாலும் பரவாயில்லடி. பத்தியத்தை மட்டும் விட்டுடாதீங்க."